சீட்டில் வந்த பெயர்

நாடகத்தில் எனக்கு எப்போதும் கோமாளி வேடம்தான். இந்த மூக்குக்கு ராஜா வேடம் யார் தருவார்கள்? கதை தொடங்குமுன் கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கிண்டலடிப்பது என் வேலை. யாரை, எதற்கு என்று ஊர்க்காரர்களே சீட்டில் எழுதித் தருவார்கள். நான் விசாரிப்பதில்லை.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. முன்வரிசையில் இருக்கும் மாரியப்பனின் மகள் போன வாரம் காதலித்தவனோடு போய்விட்டாள் என்றது சீட்டு.

"மாரியப்பண்ணே, கல்யாணச் சோறு போடாமலே மாமனார் ஆயிட்டீக. அம்புட்டு அதிர்ஷ்டம் யாருக்கு வாய்க்கும்?" என்றேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிலர் போனில் படம் பிடித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு ராஜா வந்தார். நாட்டை இழந்து, சபை நடுவே தலைகுனிந்து நின்று பாடினார். அந்த அவமானத்தைப் பார்த்துக் கூட்டமே அழுதது. திரையோரம் நின்ற நான் மாரியப்பனைப் பார்த்தேன். துண்டால் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் ராஜாவுக்காக அழுததால் யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நல்லாச் சிரிக்க வச்சே அப்பு. வாரேன்" என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, கொடுத்த இட்லியைத் தின்றேன்.

இப்போதெல்லாம் சீட்டைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொள்கிறேன். என் மூக்கை மட்டும் கிண்டலடிக்கிறேன். சிரிப்பு பாதிதான் வருகிறது. ஆனால் முன்வரிசையை நிமிர்ந்து பார்க்க முடிகிறது.