கபடிக்குக் கெட்டிமேளம்

பானுவுக்குத் தன் வேலையில் சந்தேகம் என்று ஒன்று வந்ததே இல்லை. லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாண வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தபோது வீட்டில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். இன்று தார்நாகா முதல் குஷாய்குடா வரை, தமிழ்க் கல்யாணமோ தெலுங்குக் கல்யாணமோ, வீடியோ என்றால் அவளைத்தான் தேடி வருகிறார்கள். அவளுக்கு ஒரே சட்டம்தான். வந்த சொந்தக்காரர் ஒருவர் முகமும் விட்டுப்போகக் கூடாது. ஒரு அத்தை விட்டுப்போனால் போதும், இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

காலனிப் பெண்கள் கபடி அணியின் பயிற்சியாளர் பூபாலன் வீடியோ கேட்டு வந்தபோது, அதென்ன பெரிய வித்தை என்று ஒப்புக்கொண்டாள். ஜூனியர் முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் ஒவ்வொரு அணியிடமும் மூன்று நிமிட வீடியோ கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் யாரை அழைப்பது என்று முடிவு செய்வார்களாம். ஆட்டங்களில் எடுத்த காட்சிகளோடு பூபாலன் பாட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற ரகத் தெலுங்குக் குத்துப் பாட்டு.

தாள அடிக்கு ஒரு வெட்டு என்று பானு வெட்டினாள். பாடிப் போய்த் தொட்டுவிட்டு ஓடிவரும் வர்ஷினி அதில் மின்னினாள். முடித்ததும் பானு வழக்கம்போல முகங்களை எண்ணிப் பார்த்தாள். தாரிணியைக் காணோம்.

அணியில் அதிகம் பேரைப் பிடித்தவளே இடது மூலையில் நிற்கும் தாரிணிதான். ஆனால் அவள் பாய்ந்து பிடிக்கிறவள் இல்லை. எதிராளி பாடி வருவாள். இவள் பின்வாங்குவாள், இன்னும் பின்வாங்குவாள், அந்தக் கால் சற்று அசந்த நேரத்தில் கணுக்காலைப் பற்றிவிடுவாள். குத்துப் பாட்டில் அந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை. வெட்டினால் சும்மா நிற்கும் ஒரு பெண்தான் மிஞ்சினாள். அடுத்த வருஷம் அவளுக்கு ஜூனியர் வயது தாண்டிவிடும். இந்த வீடியோவில் இல்லையென்றால் முகாமும் இல்லை.

பாட்டை மாற்றவேண்டும் என்று பானு பூபாலனுக்குப் போன் செய்தாள். அவர் கேட்கிற மாதிரி இல்லை. ஜோர் இல்லாவிட்டால் பார்க்கிறவன் மூடிவிட்டுப் போய்விடுவான், நாலு பெண்கள் தெரிந்தால் போதாதா என்றார்.

"நக்கோ அண்ணா, வேணாம்," என்றாள் பானு. "பாட்டுக்காகப் பொண்ண வெட்ட மாட்டேன். பாட்டத்தான் மாத்துவேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, எதை வைப்பது? புல்லாங்குழல் வைத்தால் தாரிணி வீட்டில் ஏதோ துக்கம் போலிருந்தது. மிருதங்கம் வைத்தால் கச்சேரிக்கு வழி தவறி வந்தவள் போலிருந்தாள். அப்புறம்தான் பானு தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாண வீடியோவில் தினமும் அவள் வெட்டாமல் விடும் இடம் ஒன்று உண்டே! தாலி கட்டும் வரை நாதஸ்வரம் நிதானமாகப் போகும். பெரியவர் விரலை ஆட்டியதும் கெட்டிமேளம். தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் அந்தச் சத்தத்துக்குக் கை தானாக அட்சதையை வீசும். அதற்கு முந்தைய காத்திருப்பில் கத்தரி வைக்கிறவன் எடிட்டரே இல்லை.

எதிராளி கோட்டைத் தாண்டியதும் நாதஸ்வரம். தாரிணியின் பின்வாங்கல் முழுசாக, ஒரு வெட்டும் இல்லாமல். கை கணுக்காலில் விழுந்ததும் கெட்டிமேளம்.

மறுநாள் மைதானத்தில் பானு லேப்டாப்பைத் திறந்தாள். முதல் மேளத்துக்குப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது பிடியில் சிரிப்பு அடங்கியது. மூன்றாவதில் வர்ஷினியே மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டினாள். பூபாலன் இன்னொரு தடவை போடச் சொன்னார். அதையே அனுப்பினார்கள்.

இரண்டு பேருக்கு அழைப்பு வந்தது. ஒருத்தி வர்ஷினி. அவசரமே படாத அந்த இடது மூலைப் பெண் கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னார்களாம்.

செய்தி கேட்டுத் தாரிணி நேராகப் பானுவின் வீட்டுக்கு வந்தாள். வீடியோவை மறுபடி பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் சும்மா நிக்கறேன்னுதான் எல்லாரும் கேப்பாங்கக்கா. எனக்குச் சொல்லத் தெரியாது. இனிமே இதக் காட்டுவேன்."

பானு அப்போதே அதை அவள் போனுக்கு அனுப்பிவைத்தாள்.