ஆஸ்பத்திரியின் முதல் இரண்டு கட்டில்கள்

எங்கள் ஊர் தர்ம ஆஸ்பத்திரியில் முதன்முதலாகக் கட்டிலில் படுத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தையல்காரரின் மனைவி. இன்னொருத்தி என் பெரியம்மா. அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. ஆஸ்பத்திரி வெளியிட்ட ஆண்டு விழா மலரில் முதல் ஆளைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். மீதியை நான் சொல்கிறேன். எனக்குச் சொன்னவள் பெரியம்மாதான். அவள் பொய் சொல்லமாட்டாள், கொஞ்சம் உப்பு காரம் சேர்ப்பாள், அவ்வளவே.

பெரியம்மா சலவைக்காரி. முப்பத்திரண்டு வீட்டுத் துணி அவள் கையில். எந்த வீட்டில் யார் உண்டாகியிருக்கிறாள், எந்தக் குழந்தைக்குப் பேதி, சர்க்கரை வியாதியில் யார் துணியில் எறும்பு மொய்க்கிறது என்பதெல்லாம் அழுக்கு மூட்டையைப் பிரித்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் மூச்சு விடமாட்டாள். ஒரு வீட்டுச் சேதி அடுத்த வீட்டுக்குப் போனால் மறுவாரம் மூட்டை வராது, அதுதான் தொழில். ஊர் அவளுக்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு.

ஊருக்கு வந்த வெள்ளைக்கார டாக்டரம்மா பழைய சாக்குக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுண்ணாம்பு அடித்து, எட்டு இரும்புக் கட்டில் போட்டார். பெண்களுக்கு இலவச வைத்தியம். ஐந்து மாதமாகியும் மருந்து வாங்க வந்தார்களே தவிர, படுக்க ஒருத்தி வரவில்லை. அங்கே படுத்தால் பிணமாகத்தான் வெளியே வரலாம் என்று பேச்சு. வருஷக் கடைசி வரைக்கும் இப்படியே போனால் இழுத்து மூடும்படி மேலிடத்துக் கடிதமும் வந்துவிட்டது. அப்படியும் டாக்டரம்மா வாராவாரம் எட்டு விரிப்பையும் வெளுக்கப் போட்டார்.

"ஆளே படுக்காத படுக்கைக்கு எதுக்கும்மா வெளுப்பு?" என்று பெரியம்மா கேட்டாள்.

"தூசி படுக்குதே" என்றாராம் அவர். சுத்தம் தெரிந்த மனுஷி என்று பெரியம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் வீட்டு மூட்டையை அவள் இரண்டு தடவை பிரித்துப் பார்த்தாள். அவர் மனைவியின் சேலைகளில் மூன்று மாதமாக ரத்தக் கறை, நடுவில் ஒரு வாரம்கூட ஓய்வில்லை. கொல்லைப்புறத்தில் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள் அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு. மறுவாரம் மூட்டையில் கறையே இல்லை. அவளுடைய சேலையும் இல்லை. நிற்கவே முடியாத உடம்போடு அவளே ஒளித்துத் துவைத்துக்கொள்கிறாள். கேட்கப்போய்க் காரியம் கெட்டது.

பேசாமலிருந்தால் அவள் உயிர் போகும். பேசினால் முப்பத்திரண்டு வீடும் போகும். பெரியம்மாவுக்குப் புருஷன் இல்லை. அந்த மூட்டைகள்தான் சோறு. இருந்தும் நேரே தையல்கடைக்குப் போய், இரண்டு பேர் அளவு கொடுத்துக்கொண்டிருந்ததைக்கூடப் பாராமல் போட்டு உடைத்தாள்.

"தம்பி, உன் பொண்டாட்டிக்குச் சேலை ஆறு. இந்த வாரம் ஒண்ணுகூட எனக்கு வரல. மூணு மாசமா ரத்தம் போயிட்டிருக்கு. ஊசிக் காது கண்ணுக்குத் தெரியுது, வீட்டுல நடக்கிறது தெரியலையா உனக்கு?"

"வீட்டு விஷயத்த வீதியில பேசுறியே, வெக்கமா இல்ல?"

"நான் வெக்கப்பட்டா அவ செத்துருவா. கெளம்பு."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

வீட்டு வாசலை மாமியார் மறித்தாள். "அந்த ஆஸ்பத்திரியில படுக்கப் போனவங்க யாராச்சும் திரும்பி வந்திருக்காங்களா?"

"போனவங்களே இல்லையே, எங்கேருந்து திரும்பி வர்றது?" என்றாள் பெரியம்மா. பிறகு, "நானும் பக்கத்துக் கட்டில்ல படுக்கிறேன். இவ என்னைக்கு வெளிய வர்றாளோ அன்னைக்குத்தான் நானும் வருவேன். போதுமா?" என்றாள். மாமியார் வாசலை விட்டு நகர்ந்தாள். மருமகள் தானாகவே எழுந்து வந்தாள்.

நோயில்லாதவர்களுக்குக் கட்டில் கிடையாது என்று டாக்டரம்மா கறாராகச் சொன்னார்.

"இருபது வருஷமா குனிஞ்சு துவைச்ச முதுகும்மா. வலிக்காமலா இருக்கும்? தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். சிரிக்காமல், முதுகுவலி என்று எழுதிக்கொண்டார்.

தையல்காரர் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மறுநாள் காலையிலேயே ஆபரேஷன். பெரியம்மாவுக்குப் பயம்தான், அதை அவள் மறைத்ததே இல்லை. அந்தப் பெண் செத்தால் ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள், கட்டில் போய் மறுபடி சாக்கு வரும், ஊர் தன்னைக் கொலைகாரி என்னும். ஆபரேஷன் ஆனவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. முதுகுவலி நோயாளி தன் நோயை மறந்துவிட்டு, விரிப்புகளை மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்து வெளுத்தாள். நாலாம் நாள் எடுத்த விரிப்பைப் புரட்டி, ரத்தமோ சீழோ இல்லாததைப் பார்த்ததும், டாக்டரம்மா வாய் திறக்கும் முன்பே, ஆஸ்பத்திரித் திண்ணையில் காத்திருந்த மாமியாரிடம் போய்ச் சொன்னாள்: "பொழச்சுட்டா."

பதினாறாம் நாள் பட்டப்பகலில் இருவரும் மெல்ல நடந்து வெளியே வந்தார்கள். ஊர் கண்ணாரப் பார்க்கட்டும் என்று பெரியம்மா கடைவீதி வழியாகத்தான் கூட்டிப்போனாள்.

ஆனால் அன்று மாலை துணி எடுக்கப் போனபோது ஒன்பது வீடுகள் கதவைச் சாத்தின. வீட்டு மானத்தைக் கடையில் கொட்டியவளுக்கு இனித் துணி போடுவதில்லையாம். "அழுக்கோடவே கிடங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

மறுநாள் விடிந்து அவள் துவைக்கப் போனபோது, அந்த ஒன்பதில் முதலாவதாகக் கதவைச் சாத்தியவள் துவைகல்லருகே தனியாக நின்றிருந்தாள். மூட்டை கொண்டுவரவில்லை. இடுப்பிலிருந்து ஒரே ஒரு துணியை எடுத்து, மடிப்பைப் பிரித்து நீட்டினாள்.

"இதப் பாத்து என்னன்னு சொல்லுக்கா."

பெரியம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நட, நானும் வர்றேன்" என்றாள்.