ஊருக்கு என்ன சொன்னனீங்கள் என்று கேட்ட அக்கா

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு நூலான கல்வெட்டை ஊரின் வளத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பது சின்னம்மாவின் உத்தரவு. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியான ஊர்காவற்றுறையில் கடலும் காற்றும் பனையும் தாராளம். குடிதண்ணீரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இந்த ஊரில்தான், இலங்கையின் தென்பகுதியில் கடை வைத்திருந்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாக அக்கா பிறந்தார். பிறகு நான். குடும்பத்து மூளை முதற்பிள்ளையோடு தீர்ந்துவிட்டது என்று ஐயா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். அதை மறுக்க இன்றுவரை என்னிடம் ஆதாரம் கிடையாது.

இடம்பெயர்ந்து, பிறர் வளவில் கொட்டில் போட்டு இருந்த காலத்திலும் அக்கா படிப்பை விடவில்லை. மருத்துவரானார். வெளிநாடு சென்று சிறுவர்களின் குருதிப் புற்றுநோயை ஆராய்ந்தார். அங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டும் திரும்பி வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தபடியே ஆராய்ச்சியையும் தொடர்ந்தார். அது என்ன நோய் என்று ஒருநாள் கேட்டேன்.

"எலும்புக்குள்ள இரத்தம் ஊறுற இடத்தில, வளர்ச்சியில்லாத கலங்கள் பெருகி, நல்லதுகளுக்கு இடமில்லாமல் பண்ணுறது. விளங்குதோ?"

"ஓம். எங்கட வீட்டில என்னைப்போல."

"உனக்கு மருந்து இல்லை. அதுக்கு இருக்கு" என்றார் அக்கா.

மருந்து இருந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருந்தது. முதல் மாதத்திலேயே பிள்ளை எழும்பி ஓடி விளையாடும். மருந்தோ இரண்டு வருடத்துக்கு மேல் எடுக்க வேண்டும். தீவுகளிலிருந்து படகில் வரும் சில பிள்ளைகள் இடையில் வராமல் நின்றுவிடுவார்கள். கேட்டால், "கடல் பெலம் டொக்டர், போட் ஓடேல்லை" என்பார்கள். கடல் குளம்போலக் கிடக்கும் மாதங்களிலும் ஏன் வருவதில்லை என்பதே அக்காவைக் குடைந்த கேள்வி.

ஒருமுறை ஒரு சின்னப் பெண்பிள்ளை அப்படி நின்றுவிட்டாள். அக்கா தானே அந்தத் தீவுக்குப் புறப்பட்டார். துணைக்கு நான். தீவில் பிறந்த நான் வழியெல்லாம் படகின் ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்தேன். "டொக்டர், அண்ணைதானோ நோயாளி?" என்று படகோட்டி கவலையோடு கேட்டார்.

அந்த வீட்டில் பிள்ளையின் தலையில் மயிர் புதிதாக முளைத்திருந்தது. தாய் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அக்கா ஏசப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரோ ஆறுதலாகக் கேட்டார்.

"தங்கச்சி, பிள்ளைக்குத் தலைமயிர் கொட்டேக்க ஊருக்கு என்ன சொன்னனீர்?"

தாய் அழுதுவிட்டார். "நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி, மொட்டை போட்டனாங்கள் எண்டு சொன்னனான். இன்னொருக்காக் கொட்டினால் என்னத்தைச் சொல்ல? மூத்தவளுக்குக் கலியாணம் பேசுறம். இரத்தத்தில வருத்தம் எண்டால் ஆர் வருவினம்?"

"இது பரம்பரையால வந்ததில்லை. மூத்தவளுக்கு ஒண்டும் இல்லை."

"எனக்கு விளங்குது டொக்டர். ஊருக்கு விளங்குமோ?"

"மருந்தை நிப்பாட்டினால் வருத்தம் திரும்பும். பிறகு பிள்ளையைக் காப்பாத்துறது கஷ்டம்." அக்கா சற்று யோசித்தார். "மருந்து முடியுமட்டும் மொட்டை எண்டு நேர்த்தி வைக்க ஏலாதோ?"

"பொய்யுக்கு அம்மனைக் கூப்பிடுறதோ?"

"ஏன் பொய்? உண்மையாவே வையும். நானும் கோயிலுக்கு வாறன். இவன் என்ர தம்பி, இவனும் பிள்ளையோட மொட்டை போடுவான்."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி நயினாதீவில், பிள்ளைக்கு அடுத்ததாக நான் குந்தினேன். மழிக்க அதிகம் மிச்சமில்லாத என் தலையைப் பார்த்த பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமாவின்ர நேர்த்தி எப்பவோ முடிஞ்சுது!"

அவள் மீண்டும் மருந்துக்கு வந்தாள். மருந்தும் முடிந்தது, நேர்த்தியும் முடிந்தது. அவளுடைய அக்காவுக்கும் நல்ல இடத்தில் திருமணம் நடந்தது.

அன்றிலிருந்து, வராமல் நின்ற பிள்ளைகளின் பெற்றோரிடம், "ஏன் வரேல்லை?" என்று அக்கா கேட்டதில்லை. "ஊருக்கு என்ன சொன்னனீங்கள்?" என்றே கேட்டார். கடலையும் போட்டையும் விட்டு அவர்கள் உண்மையைச் சொல்லத் தொடங்கினார்கள். ஆளுக்கேற்ற வழி காணவும் முடிந்தது. அவரிடம் படித்த இளம் மருத்துவர்கள் இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் அகப்படாததை அக்கா கண்டுபிடித்தது இப்படித்தான்.

கடைசியில் சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் விழுத்தியது. அப்போதும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தினார். என் சமையலையும் திருத்தப் பார்த்தார், முடியவில்லை.

அக்காவைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், முப்பத்தொரு நாளும் எங்களை என் சமையலிலிருந்து காப்பாற்றிய அயலவர், கடல் கடந்திருந்தும் தினமும் அழைத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என்னோடு மொட்டை போட்ட அந்தப் பிள்ளை இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறார். பெயரில்லாமல் அவர் கதையை எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன்.

"பேரையும் போடுங்கோ மாமா."

"வேண்டாம் பிள்ளை, உமக்கும் கலியாணம் பேசுற வயது."

"அதுக்குத்தான் சொல்லுறன். பேச வாறவை இதையும் வாசிச்சுப்போட்டு வரட்டும்."

அவர் பெயர் தர்சிகா.