ஜமீலா மேடம் எனக்குத் தராத நாற்காலி

ஆமாம், சிரித்தது நான்தான். இரங்கல் கூட்டத்தில் மேடத்தின் கடிதத்தை எங்கள் மையத்துச் சரளாக்கா படித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டதே, அது வேறு யாருடையதும் இல்லை. அன்றிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாரும் ஏன் சிரித்தாய் என்று கேட்கிறார்கள். சிலர் கேட்காமலே முறைக்கிறார்கள். ஒவ்வொருவருக்காகச் சொல்லி எனக்கு மாளாது. மையத்தின் மாத இதழில் இடம் விடுகிறேன், எழுதித் தொலை என்று சரளாக்கா சொன்னார். எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். ஆரம்பாக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு. கையில் சுருட்டிய சார்ட், தோளில் புத்தகப் பை. செல்போனில் சரளாக்கா. "லோகு, மேடம் தவறிட்டாங்கடா. பழவேற்காட்டுக்கு வந்துடு" என்றார். வண்டி வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. துக்கம் வந்ததா என்றால், வந்தது. அதற்கு முன்னால் ஒரு பயம் வந்தது. இனி மேடத்தின் நாற்காலியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

புதிதாக இந்த இதழைப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜமீலா மேடம் பழவேற்காட்டுக்காரர். அப்பாவுக்குக் கருவாட்டு மொத்த வியாபாரம். பொன்னேரி கோர்ட்டில் பல வருடம் வக்கீலாக இருந்துவிட்டு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு எதிரே ஒரு மாடியில் நடக்கும் எங்கள் சட்ட ஆய்வு, கல்வி மையத்துக்கு இயக்குநராக வந்தார். தொழிற்சாலைகளில் என்ன நடக்கிறது என்று விசாரித்து அறிக்கை எழுதுவோம். சட்டத்தைத் தொழிலாளிக்குப் புரிகிற மாதிரி சின்னப் புத்தகமாகப் போடுவோம். வகுப்பு எடுப்போம். அவ்வளவுதான் மையம்.

நான் கடம்பத்தூர். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நின்றவன். அதற்கு முன் பாலிடெக்னிக்கில் நின்றேன். அதற்குப் பின் இரண்டு கம்பெனி, ஒரு செல்போன் கடை. எங்கேயும் எட்டு மாதம் தாண்டியதில்லை. மையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனபோது, ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்பார்கள் என்று நான்கைந்து பொய் தயார் செய்துகொண்டு போனேன். மேடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாள் பூரா உக்காந்துக்கினு இருப்பியா?"

"முடியாது மேடம்."

"நல்லது. உக்கார்றதுக்கு ஆள் இருக்குது. வெளில நிக்கத்தான் ஆள் இல்ல."

நான்கு வருடம் ஓடிவிட்டது. எனக்கே ஆச்சரியம்தான்.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு, மேடம் கொண்டு வந்தது. எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போகும் முன் தொழிற்பேட்டை டீக்கடையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். ஷிப்ட் முடிந்து வருகிற ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். எந்த வாக்கியத்தில் ஒருவர் கையைத் தூக்கி "புரியல" என்கிறாரோ, அந்த வாக்கியம் செத்தது. மாற்றி எழுதி, மறுநாள் அதே ஆட்களுக்குப் படிக்க வேண்டும். எழுதியவன் பெயர் புத்தகத்தில் இருக்காது. கேட்டவர்களின் பெயர் பின்னட்டையில் இருக்கும். முதல் பக்கத்தில் மேடத்தின் கையெழுத்து.

சரளாக்கா எழுதிய ஒரு புத்தகம் ஒன்பது தடவை திரும்பி வந்தது. "மேற்படி நிறுவனம்" என்று ஆரம்பித்ததுமே ஒருவர் கையைத் தூக்கினார். "யக்கா, நீ எங்களுக்குப் படிக்கிறியா, ஜட்ஜய்யாவுக்குப் படிக்கிறியா?" டீக்கடையே சிரித்தது. நான் எழுதிய புத்தகம் ஒரே தடவையில் தேறியது. ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை. ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் புத்தகத்தில்தான் தப்பு இருந்தது.

வேலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு கேட்பது எப்படி என்பது பற்றிய புத்தகம் அது. எத்தனை நாளைக்குள் மனுப் போட வேண்டும் என்ற இடத்தில், "அடிபட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள்" என்று எழுதியிருந்தேன். சட்டம் சொல்வது இரண்டு வருடம். கல்லூரியில் எப்போதோ வேறு எதற்கோ படித்த கணக்கு மண்டையில் இருந்தது, போட்டுவிட்டேன். டீக்கடையில் யாரும் கேட்கவில்லை. ஒரு வருடம் என்றால் யாருக்குத்தான் புரியாது? புரிகிறதா, புரிகிறதா என்றே பார்த்துப் பழகிய எங்களில் ஒருவரும் அது சரியா என்று பார்க்கவில்லை. புத்தகத்திலேயே சுலபமான வாக்கியம் அதுதான். அதனால்தான் தப்பித்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து, ஆரம்பாக்கம் வகுப்பில் ஏழுமலை என்பவர் கடைசியில் உட்கார்ந்திருந்தார். இரும்பு உருட்டாலையில் வலது கையில் இரண்டு விரல் போனவர். ஏன் இன்னும் மனுப் போடவில்லை என்று கேட்டேன்.

"எனக்குத்தான் டைம் முடிஞ்சிபோச்சேப்பா. பதினாலு மாசம் ஆவுது. உங்க புக்குலயே போட்டுக்கீதே."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "மொதல்லயே வந்திருக்கக் கூடாதாண்ணே?" என்று அவரைத் திட்டினேன். அவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மேடத்திடம் அதை ஒரு சேதி மாதிரிச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். "ஒரு வருஷம்னு எங்க இருக்கு? காட்டு."

சட்டப் புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தைத் தேடினேன். விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றேன்.

"ரெண்டு வருஷம், மேடம்."

அவர் கத்தவில்லை. "எத்தினி புக்கு வெளில போச்சு?" என்றார்.

"எல்லாம் போயிடுச்சு."

"இன்னும் பத்து மாசம் இருக்குது அவருக்கு. கெளம்பு" என்று எழுந்துவிட்டார். அதற்குள் டிரஸ்டி வெங்கடேசலு சார் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். மையத்துக்காக எவ்வளவோ செய்தவர். விஷயத்தைக் கேட்டதும் பதறிவிட்டார்.

"மேடம், அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். வெளில சொன்னா அப்புறம் எவன் நம்ம புக்க நம்புவான்? பேரு கெட்டுப்பூடும்."

"நம்பிட்டுத்தான் சார் ஒருத்தரு ஊட்ல உக்காந்துக்கினு இருக்காரு. அதான் பேஜாரே. பேரு கெட்டா திரும்ப சம்பாரிச்சுக்கலாம். அவரு டைம் போனா திரும்ப வருமா?"

ஏழுமலை வீட்டு வாசலில் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சொன்னார்: "தப்பு எங்களுது. உங்களுக்கு டைம் இருக்குது." ஏழுமலையின் மனைவிதான் பிடித்துக்கொண்டார்.

"படிச்சவங்க நீங்களே இப்டி எழுதினா நாங்க இன்னாத்த நம்பறது?"

"நம்பாதம்மா. எங்க இருக்கு, காட்டுன்னு கேளு. எடுத்தாந்திருக்கேன்" என்று சட்டப் புத்தகத்தைத் திறந்து, வரியில் விரலை வைத்து, அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம். ஒரு எழுத்தும் தெரிந்திருக்காது. ஆனால் மேடம் விரலை எடுக்கும்வரை அவரும் கண்ணை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வாரம், காலை ஷிப்ட் ஏறுகிற நேரத்தில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் மேடம் போய் நின்றார். "நாங்க போட்ட புக்குல ஒரு தப்பு. ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம். புக்கு வெச்சிருக்கறவங்க குடுங்க, திருத்தித் தரேன்." பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்திக் கொடுத்தார். சிலர் சிரித்தார்கள். ஒரு செக்யூரிட்டி, "இன்னா மேடம், பரீட்சைல ஃபெயிலா?" என்று கேட்டார். "ஆமாங்க, மறுபடி எழுதிக்கினு இருக்கேன்" என்றார் மேடம்.

எனக்குத்தான் தாங்கவில்லை. மூன்றாவது நாள் சொன்னேன்: "மேடம், எழுதினது நான்தான்னு சொல்லிடறேன். நீங்க ஏன் நிக்கணும்?"

"உன் பேரச் சொன்னா நீ தப்பிச்சுக்குவ. கோவிச்சுக்குவாங்க, நீ வேலைய உட்டுட்டுப் போவ, முடிஞ்சிபோச்சு. கையெழுத்து என்னுது. நாற்காலி எதுக்கு இருக்குதுன்னு நெனச்ச? உக்கார்றதுக்கா? இப்டி வந்து நிக்கறதுக்குத்தான்."

ஏழுமலையின் மனு ஒரு மாதத்துக்குள் சென்னைத் தொழிலாளர் அலுவலகத்தில் பதிவானது. அடுத்த வருடம் அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. அந்த உத்தரவு வந்த அன்று நான் மூச்சு விட்ட மாதிரி என் வாழ்க்கையில் விட்டதில்லை. ஆனால் அந்த வாரத்தில் நான் ஒன்று பார்த்துவிட்டேன். அந்த நாற்காலி என்னால் ஆகாது. ஓடச் சொன்னால் ஓடுவேன். வெயிலில் நிற்கச் சொன்னால் நிற்பேன். பிறர் செய்த தப்புக்கெல்லாம் என் கையெழுத்து என்றால், முதல் தப்பிலேயே பஸ் ஏறிவிடுவேன்.

போன வருடம் மேடத்துக்கு உடம்பு முடியாமல் போனது. வெங்கடேசலு சார் என் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார். "நைனா, எல்லா கம்பெனிலயும் உன்னத் தெரியாத ஆளே இல்ல. ஓடியாடுற புள்ள. நீயே உக்காந்துக்கோ. டிகிரிய அப்புறம் பாத்துக்கலாம்." ஒரு முழுக்கைச் சட்டை வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு விட்டுவிட்டுப் போகத் தெரியும். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாது. நான் பாதியில் நின்ற இடமெல்லாம் அப்படி நின்றதுதான்.

ஆஸ்பத்திரியில் மேடமே ஒருநாள் கேட்டார். "நாற்காலி வேணுமாடா?"

படுத்திருக்கிறவரிடம் என்ன சொல்வது? "பாக்கலாம் மேடம்" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். பழவேற்காட்டில் அடக்கம் முடிந்து திரும்பும்போது வேனில் வெங்கடேசலு சார் என் தோளைத் தட்டினார். அன்றிரவே ஒரு பையில் துணியை அடுக்கிவிட்டேன், நிஜமாகவே.

பிறகு இரங்கல் கூட்டம். மேடம் எழுதி வைத்துவிட்டுப் போன உறையைச் சரளாக்கா பிரித்துப் படித்தார். எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

"லோகுவை இயக்குநர் ஆக்க வேண்டாம். கேட்டால் அவன் மறுக்க மாட்டான். மறுக்கத் தெரியாமல்தான் எல்லா இடத்திலிருந்தும் ஓடியிருக்கிறான். உட்கார வைத்தால் ஆறு மாதத்தில் போய்விடுவான். அப்போது மையத்துக்கு இயக்குநரும் இருக்க மாட்டார், வெளியே நிற்க ஆளும் இருக்காது. சரளா பொறுப்பேற்கட்டும். சரளா கையெழுத்துப் போடும் முன், ஒவ்வொரு புத்தகத்துக்கும் லோகு அவளிடம், எங்கே இருக்கு, காட்டு என்று கேட்க வேண்டும். அந்தத் தப்பைச் செய்தவன் அதை மறக்க மாட்டான்."

அங்கேதான் சிரித்துவிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழுமலை அண்ணன், மூன்று விரல் கையால் என் தொடையைக் கிள்ளினார். "இன்னாபா, எழவு ஊட்ல சிரிக்கிறே?" அவருக்கு எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்ட "வேண்டாம்", மேடத்துக்குக் கேட்டிருக்கிறது.

எனக்கு நிம்மதி. பையிலிருந்த துணியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டேன். முழுக்கைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். வெங்கடேசலு சார் கோபித்துக்கொள்ளவில்லை, அவருக்கும் நிம்மதிதான் போலிருக்கிறது.

மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, அவர் பேனாவால் "ஒரு" என்பதை அடித்து "இரண்டு" என்று எழுதிக் கொடுத்த என் புத்தகப் பிரதி. பையிலேயே இருக்கிறது. இன்னொன்று அந்தக் கேள்வி. போன வாரம் சரளாக்காவின் புதுப் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தில் கேட்டேன். "இரு, தேடறேன்" என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். புத்தகம் நிற்கிறது.

வழக்கம் வழக்கம்தானே, இதையும் அச்சுக்கு முன் படித்துக் காட்ட வேண்டும். இப்போது கும்மிடிப்பூண்டி நடைமேடையில் ஏழுமலை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் மட்டும் கையைத் தூக்கினார்.

"நிம்மதின்னு எழுதிக்கீறியே. அந்தம்மா போனதுக்கு நிம்மதின்னு நெனச்சுக்கப் போறாங்க. மாத்து."

"புரியலையாண்ணே?"

"எனக்குப் புரியுது. படிக்கிறவனுக்கு?"

"அவங்க என்னைத் தெரிஞ்சுக்கினு போனாங்கண்ணே. தெரியாம போயிருந்தா நான் இந்நேரம் எந்த ஊர்ல இருப்பேனோ. அதான் நிம்மதி."

"அப்ப அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். ஆரம்பாக்கம் வண்டி வந்துவிட்டது, வகுப்புக்கு ஆட்கள் காத்திருப்பார்கள். நான் போகணும்.