எட்டாம் லயத்துக்காரிக்குத் தமிழ் தெரியாது

யாராவது சொந்த ஊர் எதுவென்று கேட்டால் பிரியந்தி ‘கண்டி’ என்பாள். கண்டியில் எங்கே என்று குடைந்தால் ‘கண்டிப் பக்கம்’ என்று சற்றே நகர்ந்துகொள்வாள். அதற்கு மேலும் குடைகிறவர்களிடம், டாக்டர் வர இன்னும் பத்து நிமிடம் ஆகும், தண்ணீர் வேண்டுமா என்று பேச்சை மாற்றிவிடுவாள். தெகிவளையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் பதினாறு வருடமாக முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறவள். வந்தவர்களின் வாயைத் திறக்கவைப்பது டாக்டரின் வேலை. தன் வாயை மூடிவைத்துக்கொள்வதை இவள் தானாகவே கற்றுக்கொண்டாள்.

கண்டிக்கும் அவளுக்கும் உள்ள சம்பந்தமெல்லாம் ஊருக்குப் போகிற பஸ் அந்த வழியாகப் போகும் என்பதுதான். பிறந்தது நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மேற்பிரிவு, எட்டாம் நம்பர் லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் பத்து வீடு, அதில் நான்காவது. பிரசவம் பார்த்த சிங்கள மிட்வைஃப் தன் மகளின் பெயரையே இவளுக்கும் வைத்துவிட்டாள். அந்தப் பெயர் பின்னால் எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பதினேழு வயதில் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். யுத்த காலம். பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். பிரியந்தி என்ற பெயரும் சுத்தமான சிங்களமும் இருந்தால் பாதிக் கேள்வியோடு விட்டுவிடுவார்கள். பயத்தில் பழகியது, யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் கல்யாணம் முடித்த புதிதில் மாமியார் யாரிடமோ போனில், “தோட்டக்காட்டுப் பிள்ளைதான், என்ன செய்யிறது” என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றிலிருந்து பிரியந்தி கண்டிக்காரி ஆகிவிட்டாள்.

இந்த வருடம் மார்ச் கடைசியில் அண்ணன் அழகன் போன் செய்தான். தோட்டத்து பெக்டரியில் வேலை அவனுக்கு, இயந்திரச் சத்தத்தில் பேசிப் பேசி எங்கேயும் கத்தித்தான் பேசுவான்.

“தங்கச்சி, நம்ம சுதர்ஷினிக்கு சித்திரை லீவுல சடங்கு வச்சிருக்கோம். அத்தக்காரி நீதான் மொதச் சொம்பு ஊத்தணும். ரெண்டு நாளைக்கு முந்தியே வந்துருங்க.”

“லீவு தரமாட்டாங்கண்ணே. மொத நாள் ராத்திரி வண்டியேறி விடிய வந்துர்றோம். சடங்கு முடிஞ்சதும் திரும்பணும்.”

“இல்ல, தங்குறதுக்கு வசதியெல்லாம் பண்ணியிருக்கேன்...” என்று இழுத்தான். என்ன வசதி என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

லீவு கிடைக்காமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் கருமாதிக்குப் போனபோது, பத்து வயது மகள் ஹஷினி லயத்துப் பொதுக் கக்கூஸின் வாசல் வரைக்கும் போய் அழுதுகொண்டே திரும்பி வந்தது. பகல் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிரியந்தி ஏதோ சாக்குச் சொல்லி அன்று பின்னேரமே கிளம்பிவிட்டாள். இந்த முறை கணவனுக்கு வேலை. தாயும் மகளும் மட்டும்தான். யாருக்கும் தெரியாமல் நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதியில் இரண்டு நாளைக்கு அறை எடுத்தாள். சடங்குக்கு முதல் நாளே வந்து தங்கிவிடுவது, காலையில் கொழும்பிலிருந்து நேரே வருகிறவர்கள்போல் தோட்டத்துக்குப் போய் இறங்குவது. அதுதான் திட்டம்.

சீசன் கூட்டம், ஊர் முழுக்க வாகனம். விடுதியில் சிங்களத்தில் பேசி, சிங்களத்தில் கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கிக்கொண்டாள். பின்னேரம் ஐந்து மணியிருக்கும், கதவைத் தட்டிவிட்டு ஒரு பெண் இரண்டு போர்வையும் வெந்நீர்ப் போத்தலுமாக உள்ளே வந்தாள். போர்வையைக் கட்டிலில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

“பிரியந்தி? ஏய், நீ பிரியந்திதானே! நாந்தான்டி, ஜீவராணி!”

எட்டாம் லயத்தில் ஐந்தாவது வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கொழும்புக்கு வண்டியேறிய நாளில் பிரியந்தி போட்டிருந்த நீல ஸ்வெட்டர் ஜீவராணியுடையது. போய்த் திருப்பி அனுப்புகிறேன் என்றவள் அனுப்பவேயில்லை. இதெல்லாம் ஒரு நொடியில் பிரியந்திக்கு ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இவள் இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்வாள். லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அண்ணன் வீட்டை விட்டுவிட்டு டவுனில் ரூம் எடுத்துப் படுத்தாள் என்று.

“மட்ட தெமல பே,” என்றாள்.

தனக்குத் தமிழ் தெரியாதாம். எட்டாம் லயத்தில் பிறந்தவள், ஐந்தாம் வீட்டுக்காரியிடம் சொன்னது இது.

ஜீவராணியின் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு சிங்களத்தில், மன்னிக்க வேண்டும் நோனா, ஆள் மாறிப் போய்விட்டது என்றாள். போர்வைகளை விரித்து, மூலை மடித்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

“அம்மா, அவங்க உங்க பேரைச் சொன்னாங்களே?” என்றாள் ஹஷினி.

“வேற யாரோன்னு நெனச்சுட்டாங்க.”

“பேரு சரியாச் சொன்னாங்க.”

“நாளைக்கு மாமா வீட்டுல இதைப் பத்திப் பேசக் கூடாது. சரியா?”

ஹஷினி தலையை ஆட்டினாள். ஏன் என்று கேட்டிருந்தால் பிரியந்தி அதட்டியிருப்பாள். பிள்ளை கேட்கவில்லை.

காலையில் பிரியந்தி செய்த வேலையைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. குளித்து முடித்தபின், இஸ்திரி போட்ட உடுப்புகளைக் கையால் கசக்கி, அவற்றை இருவரும் போட்டுக்கொண்டார்கள். ராத்திரி முழுக்கப் பயணம் செய்தவர்கள் அல்லவா! பெட்டியை அறையிலேயே வைத்துவிட்டு, சடங்குச் சேலையும் வளையலும் மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு ராகலை பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி, ஆட்டோவில் மேற்பிரிவுக்கு ஏறினார்கள்.

அழகன் வாசலிலேயே நின்றான். பையை வாங்கினான், பிள்ளையின் தலையைத் தடவினான். டீ கூடக் கொடுக்காமல், “வா, வா” என்று வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். அங்கே புதிதாக ஒரு சின்ன அறை. சீமெந்து பூசி, நீலத் தகரக் கதவு போட்டு, பூட்டுப் போட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூல் கட்டிய சாவியை எடுத்து ஹஷினியின் கையில் வைத்தான்.

“மூணு மாசமா ஞாயித்துக்கெழமையில ஞாயித்துக்கெழமையில கட்டுனேன். கொமட்டு போட்டிருக்கேன், கொழும்பு மாதிரியே. சந்தியிலேர்ந்து நாந்தான் தலையில தூக்கிட்டு வந்தேன், லயமே கூடிச் சிரிச்சுச்சு. இன்னும் யாரும் பொழங்கல. சுதர்ஷினியே கேட்டுச்சு, தரல. மருமக வந்து மொதல்ல பொழங்கட்டும்னு வச்சிருக்கேன்.”

அண்ணன் அன்றைக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறான்.

“ராத்திரி பூராத் தூங்கியிருக்க மாட்டீங்க. வெந்நி வச்சிருக்கு, நல்லா ஊத்திக் குளி தங்கச்சி,” என்றான்.

ஹஷினி முதலில் போய் வந்தாள். பிறகு பிரியந்தி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பெரிய வாளி நிறைய ஆவி பறக்கும் தண்ணீர். அவள் தலைமுடியிலோ விடுதி சோப்பின் வாசம் இன்னும் இருந்தது. என்ன செய்வாள்? கொமட்டின் மூடிமேல் உட்கார்ந்து, வெளியே குளிக்கிற சத்தம் கேட்கட்டும் என்று, வெந்நீரைக் கோப்பை கோப்பையாக மொண்டு தரையில் ஊற்றினாள். அந்த வெந்நீருக்கான விறகை மலையிலிருந்து யார் சுமந்து வந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளே சுமந்திருக்கிறாள். வாளி காலியாகும்வரை ஊற்றினாள். அழுகை வந்தது, அதையும் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டாள்.

சேலை மாற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தால், அங்கே மஞ்சள் தண்ணீர் கலந்துகொண்டிருந்தது ஜீவராணி.

ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். “வா பிரியந்தி. ராத்திரி வண்டியா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. டீ குடிச்சியா?”

நாலு பேர் கேட்க, நேற்றைப் பற்றி ஒரு எழுத்து இல்லாமல் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

முற்றத்தில் நான்கு பெண்கள் சேலையை விரித்து மறைப்புப் பிடித்திருந்தார்கள். நடுவில் பலகைமேல் சுதர்ஷினி, பனிக் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு. தண்ணீர் ஊற்ற ஏழு பெண்கள். அத்தை முதலில், அவளுக்கு அடுத்து ஜீவராணி. பிரியந்தி சொம்பைக் கையில் எடுத்தாள். மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்ற அழகன் சந்தோஷம் தாங்காமல் ஹஷினியிடம் குனிந்தான்.

“மருமகளே, மாமா கட்டுன ரூம்பு எப்புடி? புடிச்சிருக்கா?”

ஹஷினி காலையிலிருந்து சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். இப்போது பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் போர்வை கொண்டுவந்த அக்கா எதிரிலேயே நிற்கிறாள். பிள்ளை ஜீவராணியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மாவைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது.

“மட்ட தெமல பே,” என்றாள் மெல்ல.

அழகனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். “போன தடவ மாமான்னு கூப்புட்டுச்சே... பரவால்ல, கொழும்புல வளர்ற புள்ள, மறந்துருக்கும்,” என்று சொல்லிவிட்டு, கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பேசிப் பழகிய தன் அரைகுறைச் சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, சொந்த மருமகளிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டான். மரியாதையாக வேறு கேட்டான்.

பிரியந்தி சொம்போடு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, போதும். அவளுக்குத் தமிழ் தெரியும். எல்லாம் என்னால வந்தது.” குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “நாங்க நேத்தே வந்துட்டோம். டவுன்ல ரூம் எடுத்துத் தங்குனோம். ஜீவராணி அங்க வந்து எங்கூடப் பேசுனா. எனக்குத் தமிழ் தெரியாதுன்னு அவ மொகத்துக்கு நேரா சொல்லிட்டேன். புள்ள அதப் பாத்துட்டு...”

அழகன் தங்கையைப் பார்க்கவில்லை. நீலக் கதவைப் பார்த்தான்.

“அப்ப அந்த வெந்நி?” என்றான்.

“கீழ ஊத்திட்டேண்ணே.”

முதன்முறையாக அழகன் சத்தம் போடாமல் பேசினான். “சரி,” என்று மட்டும்தான் சொன்னான்.

“ஊத்து பிரியந்தி,” என்றாள் ஜீவராணி. “புள்ள நடுங்குது.”

ஊற்றினாள். பாதித் தண்ணீர் சுதர்ஷினியின் தலையிலும் பாதி பலகையிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணி இலையில் வடையை இன்னொரு தடவை வைத்தாள். பக்கத்து வீட்டுக் காளியாயி பாயசம் போதுமா என்று கேட்டாள். ஹஷினி மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ரூம் நல்லாருக்கு மாமா,” என்றாள். அவன் பிள்ளைக்குத் தன் அப்பளத்தைக் கொடுத்தான். தங்கையிடமும் குழம்பு ஊற்றச் சொல்லவா என்று கேட்டான். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. பிரியந்திக்குத்தான் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மூன்று மணிக்கு ஜீவராணி தலையை வாரிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“நாலு மணிக்கு வேலைக்கு எறங்கணும். ஒன் பெட்டி அங்கதானே இருக்கு? நாளைக்குக் காலையில எடுத்துட்டு வந்து தரவா, இல்ல அங்கேயே தங்கப் போறியா?”

“இங்கதான் தங்கப் போறேன். பெட்டிய நீ தூக்க வேணாம். நானே ஒங்கூட வந்து எடுத்துட்டு வர்றேன்.” பிரியந்தி அவள் கையைப் பிடித்தாள். “அங்க எல்லார் முன்னாடியும் ஒங்கிட்டத் தமிழ்ல...”

“வா. ஆனா அங்க எங்கிட்டப் பேசாத,” என்றாள் ஜீவராணி. கோபமாகச் சொல்லவில்லை. “வேலை நேரத்துல தங்க வர்றவங்களோட கதைக்கக் கூடாதுன்னு மேனேஜர் ஏற்கெனவே ஒரு தடவ ஏசியிருக்காரு. நேத்தே நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது. ஒன்னப் பாத்த சந்தோசத்துல மறந்துட்டேன்.”

இருவரும் சந்திக்கு நடந்தார்கள். பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். நுவரெலியா வந்து சேரும்வரை பிரியந்திக்கு ஒரு வார்த்தை தமிழ் வாயில் வரவில்லை.