மூச்சைப் பற்றிப் பத்தொன்பது டாஸ்க்குகள்

ஐந்து நாளைக்குப் பத்தொன்பது டாஸ்க். இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மருமகளிடம் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு நாலுன்னா இருபது வரணும். மிச்சம் ஒண்ணு எங்க?"

"கடைசி நாள் மூணுதான் மாமா. அதுக்குள்ள எல்லாரும் டயர்டா ஆயிடுவாங்க."

"முதல் நாளே ஆயிடுவாங்க."

அவள் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ரயில். மற்ற இரண்டு நாள் எங்கள் சாப்பாட்டு மேஜைதான் அவளுக்கு ஆபீஸ். மூச்சுத் திணறல் உள்ள வயதானவர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஒரு மருந்துக் கம்பெனிக்குத் தெரிய வேண்டுமாம். நேரில் வந்து கேட்க மாட்டார்கள். ஒவ்வொருவர் போனுக்கும் டாஸ்க் வரும். பேசியோ வீடியோ எடுத்தோ அனுப்ப வேண்டும். எங்கள் ஊரான தங்கவயலில் பன்னிரண்டு பேரை அவளே பிடித்திருந்தாள். அவள் தனியாகத் திட்டமிடும் முதல் ஆய்வு. டாஸ்க்குகளை முன்கூட்டியே சிலரிடம் கொடுத்துப் பார்த்து, வந்த பதில்களைச் சனிக்கிழமை மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். அவர் தலையசைத்தால் திங்கட்கிழமை பன்னிரண்டு பேருக்கும் போகும். இல்லையென்றால் ஆய்வு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

அந்தச் 'சிலர்' நாங்கள் மூன்று பேர். நான், தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர், பூமிக்குக் கீழே லெவல் என்ற சுரங்கப் பாதைகளில் மரம் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரர். நான் ஷிப்டுக்கு இறங்குகிற ஆட்களையும் ஏறுகிற ஆட்களையும் எண்ணிய குமாஸ்தா. அதில் பதினெட்டு வருஷம் கீழேயே உட்கார்ந்து எண்ணினேன்.

பத்தொன்பதையும் எங்களுக்கு இரண்டே நாளில் அனுப்பினாள். அந்த இரண்டு நாள் நான் பட்டதை யாரும் படக்கூடாது. டாஸ்க்கைத் திறக்க நாலு தட்டு. நான் குளியலறையில் இருக்கும்போதுதான் மணி அடிக்கும். கையை நீட்டி என்னையே வீடியோ எடுத்தால் கூரையில் பதினோரு கட்டைகள் தெரிந்தன, நான் தெரியவில்லை. ஆறாவது டாஸ்க்கில், என் மூச்சு ஒரு பிராணியாக இருந்தால் எந்தப் பிராணி என்று கேட்டிருந்தது.

"இதுக்கு இன்னா பதில்மா சொல்றது?"

"தோணறதச் சொல்லுங்க மாமா. ரைட், ராங் ஒண்ணும் இல்ல."

"தப்பே இல்லன்னா இன்னாத்துக்குக் கேக்கற?"

மாடு என்று சொல்லி வைத்தேன்.

வியாழக்கிழமை மாலை எல்லாருடைய பதில்களையும் போட்டுக் கேட்டாள். எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கிற டாஸ்க் ஏழு. மூன்று பேருக்கு இருபத்தொரு பதில். எதிர் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான் கீறேம்மா. ஒரு குறையும் இல்ல." இன்ஜின் ஓட்டியவர், "மூச்சா? அதுக்கு இன்னா, அது பாட்டுக்கு வருது" என்றார். என்னுடையதும் அப்படித்தான். இருபத்தொன்றில் ஒன்றில்கூட யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. மாட்டை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

"இத எடுத்துனு போய்க் காட்டினா, ஆரோக்கியமான ஆளுங்களப் பிடிச்சிருக்கேன்னு சொல்லுவாங்க" என்றாள். "என் கேள்விதான் சரியில்ல. இன்னும் ஆழமா நாலு சேக்கறேன்."

"இன்னும் நாலா?" எனக்குத் தலை சூடேறியது. "நூறு கேட்டாலும் இதத்தாம்மா சொல்லுவோம். மெடிக்கல்ல சொல்ற பதிலு இது."

சொல்லியிருக்கக் கூடாது. ஆரம்பித்துவிட்டதால் முடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் மருத்துவப் பரிசோதனை என்றால் எங்களுக்குக் குலை நடுங்கும். மூச்சு வாங்குகிறது என்று எழுதிவிட்டால் கீழே இறங்க விட மாட்டார்கள் என்ற பயம். அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், வெளியே மரத்தடியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். மேடேறி வந்த இரைப்பு அடங்கிய பிறகுதான் உள்ளே போவோம். 'நல்லா இருக்கேன் சார்.' இத்தனை வருஷம் கழித்தும், யாராவது மூச்சைப் பற்றிக் கேட்டால் உடம்பு தானாகவே மரத்தடிக்குப் போய்விடுகிறது. எதிர் வீட்டுக்காரர் வீடியோவுக்கு முன்னால் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"நீங்க மாமா?"

"நான் பத்து நிமிஷம்."

அவள் பேனாவை எடுத்துப் பட்டியலில் அந்த ஏழு டாஸ்க்கையும் அடித்தாள்.

மறுநாள் காலை ரெகார்டிங்கை ஓடவிட்டு, போனை என் சட்டைப் பையில் போட்டாள். பால் பூத் வரைக்கும் போய்வர வேண்டும். வழியில் எதையாவது பேசிக்கொண்டே நடக்க வேண்டும்.

"இன்னா பேசறது?"

"யாரையாவது திட்டுங்க மாமா. உங்களுக்கு அது தானா வரும்."

திட்டுவதற்கு எங்கள் தெருவில் பஞ்சமில்லை. போக வர அறுநூற்று எண்பது அடி. பள்ளம் ஒன்பது, பகலிலும் எரிகிற விளக்கு மூன்று. வீட்டுக்கு வந்ததும், வழியில் எத்தனை தடவை நின்றேன் என்று கேட்டாள். இரண்டு என்றேன். பால் வாங்க ஒன்று, ஆட்டோவுக்கு வழிவிட ஒன்று.

அவள் இயர்போனைக் காதில் மாட்டி ரெகார்டிங்கைக் கேட்டாள். "ஆறு" என்றாள்.

எண்ணிக்கையில் என்னைத் திருத்த வந்துவிட்டாளே என்று எரிச்சலோடு நானே வாங்கிக் கேட்டேன். பள்ளங்களைப் பற்றி ஒரு கிழவன் புலம்புகிறான். நடுவில், "இந்தப் போஸ்டரப் பாரு, எவ்ளோ தப்பு" என்கிறான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் மட்டும். சாக்கடை மூடியைப் பார்க்க ஒரு தடவை. நாயை விரட்ட ஒரு தடவை. நாய் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. செருப்பைச் சரிசெய்ய ஒரு தடவை. இப்படிச் சாக்கு வைத்து நின்றதெல்லாம் நின்றதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஆறுதான்.

"இத நான் மீட்டிங்ல போட்டுக் காட்டணும் மாமா. நீங்க சரின்னா மட்டும்."

"பேர் வராதே?"

"வராது."

"குரல் வருமே."

"ஆமா. குரல் வரும்."

முகம் தெரியாத மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நான் இரைப்பதைக் கேட்பார்கள். இரண்டு மணி நேரம் நேற்றைய பேப்பரையே மறுபடி படித்தேன். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. மேஜையில் அந்தப் பழைய பட்டியல் அப்படியே கிடந்தது.

"போடு" என்றேன் கடைசியில். "ஆனா ரெண்டுன்னு நான் சொன்னதையும் சொல்லு. அத விட்டுட்டா கணக்கு பாதிதான்."

சனிக்கிழமை மத்தியானம் போன் செய்தாள். ஒத்துக்கொண்டார்களாம். பத்தொன்பது நாலாகிவிட்டது, நாலும் நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ பேசுகிற டாஸ்க். ஒன்றிலும் மூச்சு என்ற சொல்லே கிடையாது. திங்கட்கிழமை பன்னிரண்டு பேருக்கும் போகிறது. அவள்தான் நடத்தப் போகிறாள்.

"எத்தன பேர் கேட்டாங்க?"

"அஞ்சு பேர். கடைசில ஒருத்தர் மட்டும், இவரு டாக்டரப் பாத்தாரான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"கேட்டுச் சொல்றேன்னேன். பாத்தீங்களா மாமா?"

திங்கட்கிழமை போகலாம் என்றேன். அன்றைக்கு அவளால் நகர முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டேன்" என்றாள். "பத்து மணிக்கு. சீக்கிரமே போய் வெளிய உக்கார விடமாட்டேன்."