விலாவில் பத்துத் தட்டு

ஊசி குத்தாமல், கத்தி வைக்காமல், வலது விலாவில் பத்துத் தட்டு தட்டி, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண்ணில் சொல்லும் மிஷின் ஒன்று உண்டு. ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். எண் ஏறினால் திட்டு மிஷினுக்கு இல்லை, எனக்கு. லேப், எக்ஸ்ரே என்று எங்கே வேலை பார்த்தாலும் உங்களுக்கும் இதே கதைதான்.

கூச்சம்

கமுதிப் பக்கத்து விவசாயி ஒருவர். பெரிய மீசை. மல்லாக்கப் படுக்கவைத்து விலா இடுக்கில் ஜெல் தடவியதுமே நெளிய ஆரம்பித்துவிட்டார். தட்டுக்கு ஒரு துள்ளல், துள்ளலுக்கு ஒரு சிரிப்பு. பத்துத் தட்டும் சரியாக விழ அரைமணி நேரம் ஆனது. சட்டையை மாட்டிக்கொண்டு, மீசையை நீவிவிட்டு, ரகசியமாகச் சொன்னார்: "தாயி, நான் இங்கன சிரிச்சத வெளிய இருக்குற மச்சினன்கிட்ட சொல்லிராத."

குடிக்காதவர்

சாயல்குடி அம்மா ஒருவருக்குச் சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு. எண் கொஞ்சம் கூடுதல். குடிக்காதவர்களுக்கும் இப்படி வரும் என்று பொறுமையாக விளக்கினேன். அவருக்குக் கவலை கல்லீரலைப் பற்றி இல்லை, தெருவைப் பற்றி. "அதெல்லாம் சரி ஆத்தா. இவ காப்பியத் தவிர ஒண்ணும் குடிச்சதில்லைன்னு ரிப்போர்ட்டுல கொட்ட எழுத்துல எழுதிக் குடு."

பாரா, சேறா?

அருளப்பன் தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஓட்டுபவர். குடியால் வந்த வினை. மனைவி செல்வமேரி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். மிஷின் திரையைக் கண்டதும் மனிதருக்கு ஒரே உற்சாகம். படகில் கடலடியைக் காட்டும் எக்கோ மிஷின் பார்த்துப் பழகியவர். கடலடியில் சேறு என்றால் வலை விடலாம். பார், அதாவது பாறை என்றால் வலை கிழியும். "தங்கச்சி, பாரா, சேறா?" என்றார்.

எண் பதினான்கு; ஏழெட்டுக்குள் இருக்கவேண்டியது. பார் கட்டத் தொடங்கியிருந்தது. குடியை நிறுத்தினால் இறங்கும், இல்லாவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று சொல்லி டாக்டர் ஆறு மாதம் கெடு வைத்தார். மாதா மேல் சத்தியமாக இனித் தொடமாட்டேன் என்றார் அருளப்பன். செல்வமேரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மாதா பாவம் தங்கச்சி, இவுக சத்தியத்த எத்தனவாட்டி கேப்பா? இனி மிஷின் சொல்லட்டும், நம்புறேன்."

ஒரு செம்பு

ஆறு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். தட்டுவதற்கு முன் மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்கவேண்டும். "சாப்பிட்டீங்களா அண்ணே?" "இல்ல தங்கச்சி." தட்டினேன். பதின்மூன்று.

செல்வமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு சொட்டு தொடல மேரி" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அருளப்பன். அந்த முகத்தில் பொய் இல்லை. "காலையிலேர்ந்து வாய்க்குள்ள என்னதான் போச்சு அண்ணே?" என்று மறுபடி கேட்டேன். "ஒண்ணும் சாப்பிடலம்மா. பஸ் ஏறுமுன்ன ஒரு செம்பு கஞ்சி குடிச்சேன். கூட ரெண்டு கருவாடு. அம்புட்டுத்தான்."

கடற்கரையில் கஞ்சி சாப்பாட்டுக் கணக்கில் வராது. மிஷினுக்கு வரும், வயிறு நிறைந்திருந்தால் எண் ஏறிவிடும். ஒழுங்காகக் கேட்காதது என் தப்பு. மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தேன். செல்வமேரி காவல் இருந்தார். பிறகு தட்டினேன். எட்டு! "சேறுதான் அண்ணே" என்று கத்தியேவிட்டேன். அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வமேரி முதல்முறையாக அவரைப் பார்த்துப் பேசினார்: "ஆறு மாசமா தெனம் ஒங்க வாய மோந்து பாத்தேன். இன்னையோட விட்டேன். வாங்க, இட்லி சாப்பிடலாம்."

அன்றிலிருந்து நான் யாரையும் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பதில்லை. 'வாய்க்குள்ள என்ன போச்சு' என்றுதான் கேட்கிறேன், கல்யாண வீட்டில்கூட.